மூன்றாவது பொத்தான்

அந்தக் காலத்து ஃபிலிமில்
சிவப்பு கறுப்பாக விழும்,
நீலம் வெளுத்துவிடும்.
அதனால் கழுத்துப்பட்டையின் நிறத்தை
நான் நம்புவதில்லை.
நட்சத்திரங்களை எண்ணுவேன்.
பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன்.
பதக்க நாடா வலது மார்பில் இருந்தால்
நெகட்டிவைப் புரட்டிப் போட்டு
பிரதி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.
இதுதான் வேலை.
ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்.

ஆரோக்கியம் மழையோடு வந்தார்.
துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர்.
பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை,
அதற்குள் பிஸ்கட் டப்பாவின் மூடி,
மூடிக்குள் அப்பா.

"சுவா சூ காங்ல தோண்டியாச்சு.
எலும்ப எரிச்சும் ஆச்சு.
இப்ப மாடத்துக்குக் கல்லு வைக்கணும்.
எழுத்துக்கு எட்டு வெள்ளியாம்.
கேப்டனா, லெப்டினன்டானு சொல்லிட்டீங்கன்னா
இன்னிக்கே ஆர்டர் குடுத்துருவேன்."

விளக்கைத் தாழ்த்தினேன்.
தோளில் மூன்று நட்சத்திரம்.
கேப்டன் என்று வாய்வரை வந்துவிட்டது.
ஆனால் நடு நட்சத்திரம்
ஒற்றை நூலில் சாய்ந்திருந்தது.
மேலிருந்து மூன்றாவது பொத்தான்
பித்தளை இல்லை,
நாலு ஓட்டை போட்ட வெறும் சட்டைப் பொத்தான்.

இந்தச் சாய்வை எனக்குத் தெரியும்.

போன நவம்பரில், பதினேழாம் பெட்டியில்,
ரங்கூன் ரோட்டுக் குடும்பம் ஒன்று கொடுத்த படம்:
நெட்டையான ஆள்,
சட்டைக்கை மணிக்கட்டை எட்டவே இல்லை.
ஜனவரியில் ஒரு மீசைக்காரர்,
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.
வேறு வேறு முகங்கள்.
அதே சாய்ந்த நட்சத்திரம், அதே நாலு ஓட்டை,
பின்னால் திரையில் வரைந்த அதே கப்பல்,
புகை மட்டும் காற்றுக்கு எதிராகப் போகிற கப்பல்.

ஜாலான் புசார் பக்கம் எங்கேயோ
ஒரு ஸ்டூடியோ இருந்திருக்க வேண்டும்.
கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி,
ஆணியில் ஒரே ஒரு கோட்டு.
மரவள்ளி தின்ற வருடங்களில்
வாழைமர நோட்டுக்கு வாடகைக்குக் கிடைத்த பதவி,
விளக்கு மின்னுகிற நேரத்துக்கு மட்டும்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
ஓர அட்டையைப் பிரித்தேன்.
அட்டை மறைத்திருந்த இரண்டு விரல்கடை
வெளியே வந்தது.
கோட்டுக்குக் கீழே
கட்டம் போட்ட கைலி.

ஆரோக்கியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டினார்.
"மடிப்பு இடப்பக்கம் விழுந்திருக்கு பாருங்க.
அவரு இடக்கைக்காரரு.
எங்கப்பாதான்.
இத்தனை வருசமா எனக்குச் சின்ன சந்தேகம்."
பிறகு திடீரென்று,
"படம் புரட்டிப் போட்டதில்லையே?"

பொத்தானைப் பார்த்தேன்.
"இல்லை" என்றேன்.
அன்று நான் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

கல்லில் சந்தியாகு என்று மட்டும் வெட்டச் சொல்லப்போகிறாராம்.
மிச்சமான எழுத்துக் காசை எண்ணி
அவராகவே சிரித்துக்கொண்டார்.
குடையை விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மூன்று படங்களையும்
அடுத்தடுத்து வைத்தேன்.
நெட்டையர் வலது கையை
இடது பையின் மேல் வைத்திருக்கிறார்.
மீசைக்காரரும் அப்படியே.
அது ஒரு தோரணை என்றுதான்
இவ்வளவு நாள் குறித்து வந்தேன்.
ஸ்டூடியோக்காரர் சொல்லிக்கொடுத்திருப்பார்,
கை இங்கே, ஐயா, கை இங்கே.

சந்தியாகு இடக்கைக்காரர்.
அவர் கை வலது பையில்.
இடது பை திறந்து கிடக்கிறது.
அதன் ஓரத்தில்
குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டி அடைத்த
ஒரு வட்டம்.
சுண்டுவிரல் நுழையும்.

பதவி என்ற கட்டத்தில்
'கோட்டு: கேப்டன்' என்று அடித்தேன்.
மேலதிகாரி திருத்துவார், திருத்தட்டும்.
அடுத்த கட்டம்,
படத்தில் உள்ளவர்கள் எத்தனை பேர்.
ஒன்று என்று அடித்தேன்.
அழித்தேன்.