நாலு விரல்

போன மாரியில் மூன்று.
சுவரோரம், ஈரச் சாக்கில்,
தட்டையாகக் கிடந்தன.
புழுதி அவற்றை நக்கிக்கொண்டேயிருந்தாள்.
தன் முதுகுதான் செய்ததென்று
அவளுக்குத் தெரியாது.
எனக்கும் விடிந்துதான் தெரிந்தது.

இந்த மாரிக்குப் பெட்டி அடிக்கிறேன்.

பலகை, காத்தான்குடி மரக்காலையில்
கழித்துப் போட்ட மலைவேம்பு.
வாள், பின்வளவு டெலிமா அண்ணனுடையது,
இரண்டு பல் இல்லை.
அளவை அவளிடமே எடுத்தேன்:
வெயிலில் கால்நீட்டிப் படுத்திருந்தபோது
மூக்கிலிருந்து வாலடிவரை ஒரு கயிறு,
அதில் இன்னும் அரைக் கயிறு.

வாசல் உயரம்தான் சிக்கல்.
குட்டி ஏறி விழக்கூடாது,
தாயின் மடி உரசவும் கூடாது.
நிற்கவைத்து வயிற்றுக்குக் கீழே கை கொடுத்தேன்.
உள்ளேயிருந்து யாரோ உதைத்தார்கள்.
ஏழு அங்குலம் என்று
பலகையில் பென்சிலால் எழுதினேன்.

கமலாவதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.
"என்னகா, நாய்க்கு மாளிகையா?
என்ட மருமகள் ரெண்டு பெத்தவள்,
அவளுக்குத் தொட்டிலும் இரவல்.
மறுகா, இதென்ன உள்ளுக்குக் குழாய்?"

வாயில் ஆணி. பதில் சொல்ல முடியவில்லை.
சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி,
தரையிலிருந்து நாலு விரல் உயர்த்தி,
பழைய தண்ணீர்க் குழாய் ஒரு சுற்று.
தாய் சாய்ந்தால் குழாயில் சாய்வாள்,
பின்னால் அகப்பட்டது நசியாது.
அவ்வளவுதான் சங்கதி, கமலாவதி.

அடியில் விரிக்கத் தேர்தல் முடிந்த பதாகை.
வேட்பாளரின் சிரிப்பை நிலத்துப் பக்கம் திருப்பினேன்,
கும்பிட்ட கை மட்டும்
ஓரத்தில் மடிந்து மேலே வந்தது.
அதன்மேல் பேப்பர். அதன்மேல்
தோய்த்துத் தோய்த்து நூலாய்ப்போன என் சட்டை.

புதன்கிழமை பிடித்த மழை விடவில்லை.
சேத்துக்குடா முழுக்க ஒரே பேச்சு:
முகத்துவாரம் வெட்டினால்தான் வடியும்,
வெட்ட இன்னும் உத்தரவு வரவில்லை.
வாவி வளவுக்குள் வந்து
கீழ்ப்படியில் குந்தியது.
பெட்டியை விறாந்தையில் ஏற்றி
மூலைக்கு இரண்டு கல் வைத்தேன்.

புழுதி மூன்றுதரம் கிறுகி மோந்தாள்.
சட்டையைக் கவ்வி வெளியே எறிந்தாள்.
என் கட்டிலுக்குக் கீழே போய்
சீமேந்தைப் பிறாண்டத் தொடங்கினாள்.
கெஞ்சினேன். கருவாட்டுத் துண்டு போட்டேன்.
கருவாட்டைத் தின்றுவிட்டு
மறுபடியும் கட்டிலுக்குக் கீழே.

ராத்திரி ஒன்றரை. கரண்ட் இல்லை.
வேறு வழி தெரியாமல்
பெட்டிக்குள் நானே இறங்கினேன்,
முழங்காலை நாடிவரை மடித்து.
நாய்க்கு எடுத்த அளவு எனக்குக் காணாது.
குழாய் முதுகில் அழுத்தியது.
அழுத்திய இடத்துக்குப் பின்னால்
என் உடம்பு போகமுடியாத ஓர் இடம் இருந்தது.
கையை விட்டுப் பார்த்தேன்.
குளிராக, காலியாக, நாலு விரல்.

எவ்வளவு நேரமோ தெரியாது.
நகச் சத்தம் கேட்டது.
ஏழு அங்குலத்தைத் தாண்டினாள்; உரசவில்லை.
என் பாதத்தில் தலை வைத்து மூச்சு வாங்கினாள்.

முதல் மூன்றும் வரிசையாய் வந்தன.
நாலாவதை நக்கியபடியே
முழுப்பாரத்தோடு சரிந்தாள்.
டோர்ச் அடித்து எண்ணினேன்.
மூன்று.
திரும்ப எண்ணினேன்.
அவளைத் தள்ள முடியாது, கடிப்பாள்.
குழாய்க்குப் பின்னால் கை விட்டுத் தடவினேன்:
பேப்பர். ஈரம். பதாகையின் மடிப்பு.
பிறகு சூடாக ஏதோ ஒன்று
என் சின்னவிரலைப் பிடித்து உறிஞ்சியது,
பால் வராத கோபத்தோடு.

விடிந்தபோது ஆறு.
கீழ்க்கல்லில் ஒரு கோடு போட்டுவிட்டுத்
தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
"ராவு வெட்டிட்டாங்களாம்,"
நனைந்த வேலிக்கு மேலால் கமலாவதி.
"எத்தினைகா? என்ட மருமகளுக்கு ஒண்டு வை.
பொட்டையெண்டால் வேணாம்."

விரலைப் பிடித்தது பொட்டை.
நான் சொல்லவில்லை.

டெலிமா அண்ணனின் வாள்
முற்றத்துச் சேற்றில் துருவேறிக் கிடக்கிறது.
என்ன சொல்லிக் கொண்டுபோய்க் கொடுப்பது?