சுவரில் ஓட்டை போடக் கூடாது

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு அது.
திருமதி சோங் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.
ஸ்தாப்பாக்கில், பதினான்காம் மாடியில்,
கூடத்து மூலையில் இருக்கிறது இணையம்.
என் மேசையோ பின்னறையில்,
துணி காயும் பால்கனியை ஒட்டி.
நடுவில் இரண்டு சுவர், ஒரு குளியலறை,
பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லும் யுகேந்திரன்.

மூடிப்போன கம்பெனி ஒன்றிலிருந்து
நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு வாங்கிய கணினி.
காற்றில் வருவது அதற்குக் கேட்காது;
காதில் கேபிளைச் சொருகினால்தான் திரும்பிப் பார்க்கும்.
பிரிண்டரும் அதே சாதி.
ஒரு பூக்கடை, ஒரு டயர் கடை,
இரண்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை:
நான்கின் கணக்கும் என் கையில்.
மாதக் கடைசியில் நான்கும் ஒரே நாளில் அலறும்,
நான் பென்டிரைவும் கையுமாகக்
கூடத்துக்கும் அறைக்கும் நடப்பேன்.

முப்பது மீட்டர் கேபிள் வாங்கலாம்.
கதவிடுக்கில் நசுங்கும்.
யாராவது ஒருவர் தடுக்கி விழுவோம், அநேகமாக நான்.

அப்போதுதான் கட்டிலடிப் பெட்டி நினைவுக்கு வந்தது.
ஓடாத இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே பழைய ரௌட்டர்.
செந்தூல் வீட்டைக் காலி செய்தபோது
அவர் எடுத்துப்போகாத பொருள்களில் ஒன்று.
இரண்டு கொம்பு, ஒன்று ஆடுகிறது.

மின்சாரம் கொடுத்தேன்.
ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பச்சை காட்டியது.
அறைக்குள்ளிருந்து யுகேந்திரன் கத்தினான்:
"ம்மா, லைன் முழுசா இருக்கு,
ஆனா ஒண்ணுமே வரலையே!"

அவன் போனை வாங்கிப் பார்த்தேன்.
மூன்று வளைவுகளுக்குப் பக்கத்தில்
நாங்கமூணுபேர்
என்றிருந்தது.

அவர் வைத்த பெயர். பின்னிரவில், சிரித்துக்கொண்டே.
நான்கு வருடம் பெட்டிக்குள் கிடந்தும்
அது தன் பெயரை விடவில்லை.
போனும் விடவில்லை; குரல் கேட்டதும்
ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது,
கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை என்று தெரியாமல்.

யுகேந்திரனும் படித்தான்.
"மிலோ இருக்காம்மா?" என்றான்.

பின்பக்கம் ஊசித்துளை ஒன்று.
சேலை ஊக்கின் முனையை விட்டுப்
பத்து எண்ண வேண்டும்.
ஏழில் கையை எடுத்துவிட்டேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.

பிறகு எளிதுதான்,
எளிது என்றாலும் பதினொன்றரை ஆனது.
இரண்டு ரௌட்டரும் ஒரே முகவரியைச் சொல்லிக்கொண்டு நின்றன;
ஒரு வீட்டுக்குள் அது நடக்காது.
பழையதன் கடைசி இலக்கத்தை மாற்றினேன்.
எண் வழங்கும் அதிகாரத்தையும் பிடுங்கினேன்:
இனி கூடத்தில் இருப்பது கொடுக்கும்,
இது காற்றில் கேட்டுக் கேபிளில் சொல்லும்.
அந்த நிலைக்குப் பிரிட்ஜ் என்று பெயராம்.

முழம் நீளக் கேபிள் இரண்டு.
ஒன்று கணினிக்கு, ஒன்று பிரிண்டருக்கு.
சொருகிய இடத்தில் ஆரஞ்சு விளக்கு துடித்தது.
டயர் கடை பில்தான் முதலில் வந்தது,
தேதி தப்பாக. திருத்தி இன்னொன்று அடித்தேன்.
வேகம் பாதிதான்.
குளியலறைக் கதவைச் சாத்தினால்
இன்னும் கொஞ்சம் குறைகிறது.
பூக்கடைக் கணக்குக்கு அது போதும்.

தூங்குகிறவனின் போனைச் சார்ஜில் போடும்போது பார்த்தேன்:
பட்டியலின் அடியில் அந்தப் பெயர், சாம்பல் நிறத்தில்.
தொட்டால் 'மறந்துவிடவா?' என்று கேட்கும்.
திரையைக் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் வாடகைக்கு வந்த திருமதி சோங்
மின்னுகிற பெட்டியைப் பார்த்தார்,
பிறகு சுவர்களை, ஒவ்வொன்றாக,
விரல் நுனியால் தடவி.
ஓட்டை இல்லை என்றேன்.
தலையாட்டினார்.
பிறகு, செருப்பு மாட்டும்போது,
தன் வீட்டிலும் இதேபோல் ஒன்று
சும்மா கிடக்கிறது என்றார்.