சிவப்பு மிதவை

துவோவி பனியுடைக்கும் கப்பலில் சமையல்காரி.
இருபது நாள் கடல், பத்து நாள் ஓவ்லு நகரம்.
அவள் வீட்டுச் சாவி என்னிடம்.

போன குளிர்காலம்
அவளுடைய பிலோடென்ட்ரானைக் கொல்லப் பார்த்தவன் நான்.
பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் தினமும் ஒரு குவளை,
இருட்டு கூடிய நாளில் இரண்டு.
பாவம், தவிக்குமே என்று.

திரும்பி வந்தவள் திட்டவில்லை.
குளியலறையில் தொட்டியைக் கவிழ்த்தாள்.
வேர் கொழகொழவென்று விரலோடு வந்தது,
சாக்கடை வாடை.
மிஞ்சிய ஒரு கணுவை
மண் துளி ஒட்டாமல் அலசி
சுட்ட களிமண் உருண்டைகளுக்குள் நட்டாள்.
அடியில் தண்ணீர். நடுவே ஒரு திரி,
விளக்கில் எண்ணெய் ஏறுகிற மாதிரிதான்.
"வேண்டியதை அதுவே குடிக்கும், ரெய்யோ."
சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று வேலை முடிந்து மாடியேறினேன்.
மணி மூன்று, சன்னலில் ராத்திரி.
ஊதா விளக்கின் கீழே ஒரு புது இலை
சுருட்டு மாதிரி, இன்னும் பிரியாமல்.
கண்ணாடியோரம் வெள்ளை வேர்கள்.
மிதவை கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது.

தொட்டதும் ஊற்றாதே,
வேருக்கு மூச்சு வேண்டும், இரண்டு நாள் பொறு என்று
பிரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.
'பொறு'வுக்கு அடியில் இரட்டைக் கோடு.

குவளையை எடுத்தேன்.
கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
கையிரண்டையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு
அந்த இலைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

கப்பல் வரத் தாமதமாகும் என்று
காலையில் ஒரு வரி அனுப்பியிருந்தாள்.
'எப்போது?' என்று தட்டினேன்,
'ஏன்?', 'எத்தனை நாள்?', 'சாப்பிட்டாயா?'

ஒவ்வொன்றாக அழித்தேன்.