இரண்டு தட்டு

வாரத்துக்கு இருபத்திரண்டாயிரம் ஃபிராங்க்.
அந்தக் காசுக்கு
மான்தோல் செருப்பு, பைன் எண்ணெய்க் குளியல்,
பனிமலை பார்த்த ஜன்னல்,
அதில் திறக்காத கொக்கி.
வாங்கி வைத்துக்கொள்வது
கைபேசி, கடிகாரம், காலணிக் கயிறு,
வாய் கொப்பளிக்கும் மருந்துகூட.

வாசலில் டாக்டர் லடீனா கடுஃப்.
மறுநாளிலிருந்து ஒன்பதாம் அறை.
பாசெல் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம்
அறுவைக்கு முன் ஆட்களை உறங்கவைத்தவள் நான்.
கடைசி மூன்று வருடம்
குப்பியில் பாதி அவர்களுக்கு,
பாதி எனக்கு.

எட்டாம் அறையில் கொர்சின்.
ஜெனீவாவில் மூன்று கடிகாரக் கடை;
இங்கே மணி கேட்டால்
மலை நிழலைப் பார்த்துச் சொல்வார்.
வீங்கிய விரலில் கல்யாண மோதிரம்.
சோப்புப் போட்டு இழுத்தும் வரவில்லை,
போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விளக்கணைந்ததும் சுவரில் இரண்டு தட்டு.
'இன்றும் தொடவில்லை' என்று பொருள்.
அவருக்கு முதல் தட்டு விரல்முட்டியால்,
இரண்டாவது மோதிரத்தால்.
டொக். டிங்.
நானும் தட்டினேன் பதினான்கு இரவு.
அதில் நான்கு பொய்,
கோட்டு மடிப்பில் தைத்து வந்தது தீரும்வரை.

செவ்வாய் இரவு மூன்று தட்டு.
மூன்றும் எலும்பு.
மூன்றுக்கு நாங்கள் பொருள் வைக்கவில்லை.
யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்,
மாலை மாத்திரை அப்படி.

காலையில் மேசையில் ஒரு நாற்காலி குறைவு.
"வீட்டுக்குப் போய்விட்டார், விடியலில் கார் வந்தது"
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி
இயக்குநர் ஆம்ஸ்டுட்ஸ்.
ஞாயிற்றுக்கிழமை சரிந்த பனி
இன்னும் சாலைமேல்தான் கிடக்கிறது.
அதனால்தானே மூன்று வேளையும் பார்லி சூப்?
கேட்டேன்.
நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு.
இங்கே விடிந்தபோது
ஆளே போயிருந்தான்.

அவருடைய பனிக்காலணி
கீழ்த்தள மாடத்தில் அப்படியே இருக்கிறது,
உள்ளே சுருட்டிய காலுறையோடு.
நர்ஸ் பிரைடாவிடம் காட்டினேன்.
காலணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"உங்களுக்கு ஓய்வு வேண்டும்."
அன்று மாலை மாத்திரை இரண்டு.
இரண்டாவதன் நிறம் எனக்குத் தெரியும்.
யாருக்கு, எதற்கு முன்னால்
கொடுப்பார்கள் என்றும் தெரியும்.
நாக்கடியில் ஒதுக்கி
செருப்புக்குள் துப்பினேன்.

சுவர் விஷயம் யாருக்குச் சொன்னேன்?
போன வியாழன், வட்டமாக உட்கார்ந்து
மனம் திறக்கும் நேரத்தில்.
"அழகான பழக்கம்" என்றார் ஆம்ஸ்டுட்ஸ்.
எத்தனை தட்டு என்று கேட்டார்.
எப்படிக் கேட்கும் என்று கேட்கவில்லை.

விளக்கணைந்து
ஒரு நூறு எண்ணியிருப்பேன்.
காலியான எட்டாம் அறையிலிருந்து

டிங்.
டிங்.

இரண்டும் உலோகம்.

தூக்கிய கை சுவருக்கு ஒரு சாண் இப்பால் நின்றது.
பதில் தட்டினால் விழித்திருக்கிறேன் என்று ஆகும்.
கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

கம்பளிச் செருப்பின் அடி, தாழ்வாரத்தில்.
மல்லாந்து படுத்தேன்.
மயங்கியவர் எப்படிக் கிடப்பார்
என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்:
தாடை தளர வேண்டும்,
இமையை இறுக்கக் கூடாது,
உள்ளே கருவிழி அலையக் கூடாது,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு,
ஏழாவதில் லேசாக ஒரு குறட்டை.

கதவு திறந்தது. இமைக்குள் சிவப்பு.
பைன் எண்ணெய் வாசனை கட்டில்வரை வந்தது.
ஐந்தாவது மூச்சு. ஆறாவது.
குறட்டை நன்றாகவே வந்தது.

மணிக்கட்டை யாரோ தூக்குகிறார்கள்,
நாடியைத் தேடும் விரல்கள்.
அவற்றில் ஒன்றில்
குளிர்ந்த வளையம்.
சோப்புக்கு வராதது
எப்படியோ வந்திருக்கிறது.

மூச்சு என் சொல் கேட்கிறது.
அந்த விரல்களுக்கு அடியில்
தட்டுகிறது, தட்டுகிறது,
இரண்டு, மூன்று, ஏழு,
உள்ளிருந்து.

அவர் எண்ணத் தொடங்குகிறார்.