முப்பத்து நான்காம் இடம்

கண் வார்டுக்குத் திரும்பும் மூலையில்
பலகை எழுதியவன் ஒரு புள்ளியை விட்டுவிட்டான்.
நாலு வருடமாய் அது ‘கண வார்ட்’.
ஒருவரும் வழி தவறவில்லை.
பொத்திய கண்ணோடு சரியாகவே போய்ச் சேருகிறார்கள்.

கலத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

திருகோணமலை ஆஸ்பத்திரி, ஆய்வுகூடம்.
யன்னலுக்கு வெளியே
யாரோ போட்டுவிட்டுப் போன எக்ஸ்ரே உறையை
ஒரு மான் மென்றுகொண்டு நிற்கிறது.
மேசையில் கொழும்பிலிருந்து வந்த ஒற்றைத் தாள்:
ருமைஸா, வயது பதினேழு, கிண்ணியா.
இழைமணியின் பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்தில்
3243ஆம் எழுத்து.
ஏ இருக்கவேண்டிய இடத்தில் ஜி.

போன மாசியில் வகுப்பறையில் வலிப்பு வந்து
வலக்கை மூன்று நாள்
அவளுடையதாய் இருக்கவில்லை.

லியூசினைத் தூக்கிவரும் ஆர்.என்.ஏ. ஒன்று உண்டு,
மிகச் சிறியது.
பிறந்த கையோடு அது வேலைக்கு ஆகாது.
நொதிகள் வந்து திருத்தவேண்டும்:
இங்கே ஒரு மெதைல்,
அங்கே ஓர் எழுத்தைப் புரட்டிப் போடுதல்,
முப்பத்து நான்காம் இடத்தில்,
செய்தியைத் தொடுகிற நுனியில்,
ஒரு துளி டோரின்.
அந்தத் துளி இருந்தால்
யூ, யூ, ஜி என்று வரும் சொல்லை
இறைபோசோம் வாசித்துவிட்டுப் போகும்.
இல்லாவிட்டால் திக்கும்.
திக்கித் திக்கிப்
புரதம் பாதியில் நிற்கும்.
மூளையில் எங்கோ ஒரு தெருவுக்கு மட்டும்
கரண்ட் போகும்.

பிழை முப்பத்து நான்கில் நடக்கவில்லை,
தள்ளி, வேறொரு மடிப்பில்.
அங்கே முகம் மாறிவிட்டதால்
டோரினோடு வரும் நொதிக்கு
ஆளைத் தெரியவில்லை.
பார்க்காததுபோலக் கடந்துபோகிறது.

காலை பஸ்ஸில் பாலம் தாண்டி வந்த உம்மா,
ஸித்தி ஹாஜரா, கேட்டா:
“மிஸ், அந்த டோரின் எதில இருக்கு?”
பொய் சொல்லத் தோன்றவில்லை.
கணவாயில், மட்டியில், என்றேன்.
சிரித்தா.
வீட்டு வலையில் கணவாய்க்கு என்ன பஞ்சம்.

“இல்லை ராத்தா,
மகளிட்ட அது நிறையவே இருக்கு.
வைக்கிற கைக்குத்தான் இடம் தெரியேல்ல.”

பிறகு அந்த மற்ற வசனம்.
வாப்பா வழியில் இது வராது,
தாய் வழியில்தான்.
இடக்காதைத் திருப்பி, “என்ன சொன்னீங்க?”
ரெண்டு வருடமாய்க் கேட்பது குறைவாம்,
சீனி வருத்தமும் இருக்காம்.
சொல்லச் சொல்ல எனக்குள் எதுவோ இறங்கியது:
அந்தக் காதை மூடியதும்
இதே எழுத்தாக இருக்கும்.

சத்தம்போட்டுச் சொல்லக்கூடியதா இது?
வாங்கில் ஆறு பேர், அதில் ஒருத்தி
அவவின் மாமியார்.

பழைய படிவமொன்றைத் திருப்பி எழுதினேன்:
உங்கள் குற்றம் இல்லை.
ங், ள், ற், ம், ல்.
ஐந்து புள்ளி.
பேனையை அழுத்தி, ஒவ்வொன்றாய்,
மை காயும்வரை பார்த்திருந்து.

விரல் வைத்து மெதுவாக வாசித்தா.
நாலாய் மடித்து பர்ஸுக்குள் வைத்தா.
கதவடியில் திரும்பி நின்று,
“அப்ப கணவாய் குடுக்கலாமா?”

குடுங்கோ, என்றேன்,
அவளுக்கு விருப்பமெண்டால்.