கடைசிக் கட்டம்

கிருலப்பனை வாய்க்காலோரம் இரண்டு பலகை நடப்போகிறார்கள்.
சிங்களமும் ஆங்கிலமும் வந்துவிட்டன.
தமிழ் வெள்ளிக்குள் வேண்டுமாம்.

குண்டுகரிச்சான். நீர்நாய்.
இராச்சியம் விலங்கு, கணம் முதுகுநாணி:
இதுவரை ஒரே வீட்டுக்காரர்.
வகுப்பில் பிரிகிறார்கள்.
ஒன்று பறவை,
மற்றது பாலூட்டி, என் பக்கத்து ஆள்.
வருணத்தில் நீர்நாய் ஊனுண்ணி,
சிறுத்தைக்கும் என் பூனைக்கும் சொந்தம்.
கரிச்சானைப் பூங்குருவிக் குடும்பத்திலிருந்து எடுத்து
ஈபிடிப்பான்களோடு சேர்த்துவிட்டார்கள்,
அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
பிறகு சாதி.
கடைசிக் கட்டம் இனம்.

பள்ளியில் மனனம் செய்த சொற்கள்தான்.
தொண்ணூற்றேழில் வெள்ளவத்தைப் பொலிசிலும்
அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன்,
அழகான கையெழுத்தில்,
இரண்டு பிரதி.

உலகப் பட்டியலில் நிலை:
கரிச்சானுக்குக் ‘கவலை குறைவு’.
அதற்கும் தெரிந்திருக்கிறது போல,
ஐந்தரைக்கே எதிர்மாடி அன்டெனாவில் ஏறி
ஒழுங்கை முழுவதையும் எழுப்புகிறது.
நீர்நாய்க்கு ‘அச்சுறுத்தலை அண்மித்தது’.
‘அண்மித்தது’ என்பதை வெட்டி
‘நெருங்கியது’ என்றெழுதி
அதையும் வெட்டினேன்.
யார் யாரை நெருங்குகிறார்கள் என்பது
எந்தச் சொல்லிலும் வரவில்லை.

பம்பு அறைக் காவலாளி பத்திநாதர் மட்டும் பார்த்திருக்கிறார்.
இரவு இரண்டு மணி,
வாயில் திலாப்பியாவோடு மதகில் ஏறி நின்றதாம்.
டோர்ச்சை அணைத்துவிட்டாராம்.

எந்த மதகு, பலகையில் போடலாமே என்றேன்.
தேத்தண்ணியை ஊதினார்.
“கரிச்சான்ர விலாசம் வேணுமெண்டால் எழுதுங்கோ.”