கெடுகிற சாதனம்

குளச்சல் தபாலாபீஸ், இரண்டாம் கவுண்டர்.
"உள்ள என்ன?"
"இறால்."
"கெடுகிற சாதனம் எடுக்க மாட்டோம்."
"ஒன்பது கோடி வருசமா கெடல, மேடம்."

பத்மலதா நம்பவில்லை.
பெட்டி, பஞ்சு, பழைய வேட்டித் துண்டு
எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினேன்.
கப்பலுக்குப் போன மச்சினன்
லெபனானில் வாங்கி வந்த சுண்ணாம்புப் பலகை.
உளி ஒரு தட்டு, இரண்டாகப் பிளந்தது:
ஒரு பாதியில் உடம்பு,
மறுபாதியில் உடம்பு கிடந்த பள்ளம்.
பள்ளம் எனக்கு.
உடம்பு, அரியலூர்ச் சுரங்கத்தில்
மண்வாரி ஓட்டும் கலியமூர்த்திக்கு.
இரண்டு ராத்திரி மாற்றி மாற்றி யோசித்தேன்,
பொய் சொல்வானேன்.
போன மாசம் அவர் அனுப்பிய சுறாப்பல்
சட்டைப்பையில் குத்திக்கொண்டே இருந்தது.

ஆர்.டி. கட்ட வரிசையில் நின்ற
பிலோமினாள் குனிந்தாள்.
இருபது வருசம் கம்பெனியில் இறால் உரித்த விரல்
கல்லைத் தொடாமல் மேலேயே நின்றது.
"மீசை முழுசா இருக்கு.
தலைக்கும் முதுகுக்கும் நடுவே பாரும்,
தொறந்து கெடக்கு.
இது எறால் இல்ல, தோடு.
கழத்திப் போட்டுட்டு அது போயாச்சு."

சீட்டில் எழுதியிருந்தேன்:
இறந்த இறால், முழு உடல்.
கவுண்டர்ப் பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள், எட்டவில்லை.
பெட்டியை அதன் பக்கம் நகர்த்தி
'இறந்த' என்பதை அடித்தேன்.
அப்புறம் 'உடல்' என்பதையும்.

நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
"அப்போ அது எங்க போச்சு?"
ரசீதைக் கிழித்தபடி கேட்டாள் பத்மலதா,
பிலோமினாளிடம்,
என்னிடம் அல்ல.